பெரிய கட்டைகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் சன்னிவேலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விறகு பிளக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்திருக்கும் தமிழ் அன்பர்களுக்கு,



2022 டிசம்பர் கடைசியில் தொடங்கி மூன்றே வாரங்களில் மழை சுமந்துவரும் ஒன்பது வளிமண்டல ஆறுகள் கலிபோர்னியா மேல் கொட்டித் தீர்த்தன. மண் ஊறிக் குழைந்து கிடந்த நேரத்தில், 2023 மார்ச்சில், சூறைக்காற்று வந்தது. பே ஏரியா முழுக்க வயதான யூகலிப்டஸ்களும் ஓக்குகளும் வேரோடு சாய்ந்தன. 2024 பிப்ரவரி 4 அன்று மறுபடியும் அதே கதை. மரம் வெட்டும் ஆட்கள் வருவார்கள், கிளைகளை அரைத்துத் தூளாக்கி அள்ளிப்போவார்கள். அடிமரத்தை மட்டும் துண்டு போட்டு, விறகுக்கு ஆகும் என்று சொல்லி வேலியோரம் உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த உருளைக் கட்டைகளைப் பற்றியதே இந்த மடல்.

முதலில் எடையைப் பார்க்கலாம். 30 அங்குல விட்டமும் 16 அங்குல நீளமும் உள்ள ஒரு கட்டையின் பருமன் சுமார் ஆறரைக் கன அடி. பச்சை ஓக் கன அடிக்கு 60 பவுண்டுக்குக் குறையாது. ஆக, ஒரே கட்டை சுமார் 400 பவுண்டு. ஏழு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகளை ஒன்றாகக் கட்டித் தூக்குவதற்குச் சமம். அதைத் தூக்கி ஸ்ப்ளிட்டர் மேல் வைத்து லீவரைத் தள்ளினால், ஆப்பு இரண்டு அங்குலம் இறங்கும், என்ஜின் முக்கும், எண்ணெய் சூடேறும், கட்டை அசையாது. பிடித்த ஆப்பைக் கழற்றுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அங்கேதான் அந்த யோசனை எல்லோருக்கும் வருகிறது: பெரிய சிலிண்டர் மாட்டிவிட்டால் என்ன? இன்ஜினியர்கள் நிறைந்த ஊர். வெல்டிங் மெஷின் ஒருவரிடம், கிரைண்டர் இன்னொருவரிடம், நம்பிக்கை அனைவரிடமும் இருக்கிறது. இந்த மடல் அந்த யோசனையைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்கிறது. செய்ய வேண்டிய மாற்றங்களின் பட்டியலில் தள்ளும் விசை கடைசியாக வர வேண்டியது.

கணக்கு எளிது. இங்கிலாந்தில் ஜோசஃப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்திக்குக் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து மாறாத கணக்கு: எண்ணெயின் அழுத்தத்தை பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் விசை வந்துவிடும். நான்கு அங்குல உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 12.57 சதுர அங்குலம். வீட்டு உபயோக ஸ்ப்ளிட்டர்களின் பம்ப் வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அளவில் வேலை செய்யும். பெருக்கினால் 37,700 பவுண்டு. அமெரிக்க டன்னில் 19 கூட இல்லை. ஐந்து அங்குலச் சிலிண்டர் என்றால் 58,900 பவுண்டு, அதாவது 29 டன்னுக்கு மேல். ஒரே ஓர் அங்குலம் கூட்டியதற்கு விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஆசை வருவதில் தப்பில்லை.

இதே கணக்கை இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண் மீதும் போட்டுப் பார்க்கலாம். நான்கு அங்குலச் சிலிண்டர் வைத்துக்கொண்டு 27 டன் என்று எழுதியிருந்தால், அந்த விசைக்கு 4,300 பவுண்டு அழுத்தம் வேண்டும். பம்பும் ஹோஸும் வால்வும் அவ்வளவு தாங்குமா என்று விவரக் குறிப்பைப் பாருங்கள். டேப்பை எடுத்துச் சிலிண்டரை அளந்தால் (வெளிவிட்டத்திலிருந்து இருபக்கச் சுவர்க் கனத்தையும் கழிக்க மறக்காமல்) ஸ்டிக்கர் சொல்லாத உண்மை தெரிந்துவிடும்.

இனி விசை எங்கே போய் முடிகிறது என்பது. சன்னிவேல் இன்று மென்பொருள் ஊர், அதற்கு முன் பழத்தோட்ட ஊர். நடுவில் அது ஓர் இரும்பு ஊராகவும் இருந்தது. 1906 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த ஆலையை இழந்த ஜோஷுவா ஹெண்டி இரும்பாலை இங்கே குடிபெயர்ந்தது. தங்கச் சுரங்கக்காரர்களுக்காக, தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைக்கும் ராட்சதக் குழாய்களைச் செய்து பேர் வாங்கிய கம்பெனி அது. இரண்டாம் உலகப் போரின்போது லிபர்ட்டி சரக்குக் கப்பல்களுக்கான நீராவி என்ஜின்கள் 754 இந்த ஊரில் உருவாயின. ஒவ்வொன்றும் 2,500 குதிரைத்திறன், 130 டன்னுக்கு மேல் எடை. அந்த எடையில் பெரும்பங்கு அசையாத இரும்பு. பிஸ்டன் தள்ளும் ஒவ்வொரு பவுண்டும் சட்டகத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும் என்பது ஹெண்டி ஆலைப் பட்டறைக்காரருக்குப் பால பாடம். சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு பீமை அப்படியே விடுகிறவர் அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்.

எண்ணில் சொன்னால் இன்னும் விளங்கும். எட்டு அங்குல உயரமும் அடிக்கு 31 பவுண்டு எடையும் உள்ள அகலப்பட்டை பீம், கனமான வீட்டு ஸ்ப்ளிட்டருக்கு ஏற்ற அளவு. எட்டு அங்குல ஆப்பின் நடுவில் நான்கு அங்குலச் சிலிண்டரின் முழு விசையும் விழுந்தால், இழுப்பும் வளைவும் சேர்த்து பீமில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15,000 பவுண்டு தகைவு. சாதாரணக் கட்டுமான இரும்பு 36,000-இல்தான் இளகும், ஆகவே நிம்மதி. சிலிண்டரை ஐந்து அங்குலமாக்கினால் 23,600. இன்னும் பிழைத்தது. பெரிய கட்டைதானே என்று ஆப்பையும் பன்னிரண்டு அங்குலத்துக்கு உயர்த்தி, ஒரு கணு ஆப்பின் மேல்நுனிப் பக்கம், பத்து அங்குல உயரத்தில் மாட்டிக்கொண்டால்? 36,000-ஐத் தாண்டிவிடும். பீம் வில்லாக வளையும், அல்லது அதற்கு முன்னால் ஆப்பின் அடியிலுள்ள வெல்டிங் கீறல் விடும். நெம்புகோலின் நீளத்தைக் கூட்டியதுதான் இங்கே வினை. பழுதான ஸ்ப்ளிட்டர்களைப் பார்த்தால் ஆப்பின் அடிவெல்டிங்கையும் சிலிண்டரைத் தாங்கும் பின்தகட்டையும் முதலில் தடவிப் பாருங்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: எண்ணெயின் உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் திருகை இரண்டு சுற்று முறுக்கி அழுத்தத்தை ஏற்றிவிடுவது. பைசா செலவில்லை. அதனாலேயே அது ஆபத்தானது. அழுத்தமானி இல்லாமல் அந்தத் திருகைத் தொடுபவர், எந்த ஹோஸ் எப்போது வெடிக்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுகிறார்.

சரி, பீமையும் பலப்படுத்திப் பெரிய சிலிண்டரே மாட்டுகிறோம் என்பவர்களுக்கு அடுத்த சிக்கல், வேகம். 24 அங்குல ஓட்டமுள்ள நான்கு அங்குலச் சிலிண்டரை நிரப்ப 1.3 கேலன் எண்ணெய் போதும். ஐந்து அங்குலத்துக்கு 2 கேலன் வேண்டும். நிமிடத்துக்கு 11 கேலன் தள்ளும் பம்ப் முன்னதை 7 நொடியில் நீட்டும், பின்னதை 11 நொடியில். இருநிலைப் பம்ப் எதிர்ப்பைச் சந்தித்ததும் அளவை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றுவதால், முரட்டுக் கட்டையில் இது இன்னும் இழுக்கும். 16 கேலன் பம்பாக மாற்றினால் வேகம் திரும்பும். ஆனால் அதைச் சுழற்ற 8 குதிரைத்திறன் அளவுக்கு என்ஜின் வேண்டும். 11 கேலன் பம்போடு ஒத்துப்போகும் 5.5 குதிரைத்திறன் ஹோண்டா ஜிஎக்ஸ்200 அதைக் கேட்டால் அணைந்துவிடும். சிலிண்டர் பம்பைக் கேட்கிறது, பம்ப் என்ஜினைக் கேட்கிறது, என்ஜின் பணப்பையைக் கேட்கிறது.

பலரும் கவனிக்கத் தவறுவது திரும்பும் ஓட்டம். பிஸ்டன் பின்வாங்கும்போது தண்டு இருக்கும் பக்கத்தில் குறைந்த எண்ணெய்தான் உள்ளே போகிறது, ஆனால் மறுபக்கத்திலிருந்து நிறைய வெளியேறுகிறது. ஐந்து அங்குலச் சிலிண்டரில் மூன்றரை அங்குலத் தடிமனான தண்டு இருந்தால், 11 கேலன் உள்ளே போகையில் 21 கேலனுக்கு மேல் திரும்பி வரும். பழைய வால்வும் பழைய ஃபில்டரும் ஒல்லியான திரும்பு ஹோஸும் அதற்குத் திணறும். எண்ணெய் கொதிக்கும், ஃபில்டர் கிண்ணம் பிளக்கும். இரண்டங்குலத் தண்டு என்றால் திரும்புவது 13 கேலன்தான். சிலிண்டர் வாங்கும்போது உள்விட்டத்தை மட்டும் கேட்காமல் தண்டின் விட்டத்தையும் கேளுங்கள்.

இனி, மரத்தின் பக்கம்.

பே ஏரியாவில் ஸ்ப்ளிட்டரைத் தோற்கடிக்கும் மரங்களில் முன்னால் நிற்பது நீல யூகலிப்டஸ். 1850-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடின மரத்துக்குப் பஞ்சம் வரப்போகிறது என்ற புரளியில், பணம் காய்க்கும் மரம் என்று நம்பி ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். எழுத்தாளர் ஜாக் லண்டன்கூட கிளென் எல்லனில் தம் பண்ணையில் பல்லாயிரம் கன்றுகளை நட்டவர். அறுத்துப் பார்த்தபோதுதான் நார் முறுக்கிப் பின்னிக் கிடப்பது தெரிந்தது. பலகை வளைந்தது, ரயில்வே ஸ்லீப்பர் வெடித்தது. அன்று முதலீட்டாளர்களை ஏமாற்றிய அதே முறுக்குதான் இன்று உங்கள் ஆப்பைக் கவ்விப் பிடிக்கிறது.

இந்த மரம் நமக்குப் புதிதும் அல்ல. 1843-இல் நீலகிரிக்கு வந்து, சோலைகளை வெட்டித் தீர்த்த உதகை குடியிருப்புகளின் விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக நடப்பட்ட கற்பூர மரம் இதே இனம். குன்னூர்ப் பக்கம் விறகு வெட்டியவர்களைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: பச்சையிலேயே பிளந்துவிடு. ஈரம் இருக்கும்வரை இந்த நார் வழிவிடும், காய்ந்தால் இரும்பு. ஆறு மாதம் காயட்டும், பிறகு பார்க்கலாம் என்று யூகலிப்டஸை வேலியோரம் விட்டுவைப்பது, ஐந்து அங்குலச் சிலிண்டருக்குச் செலவழிக்க வேண்டிய நிலைக்குத் தானே போய் நிற்பது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலத்தார் எல்ம் மரத்தை உறைபனியில் பிளக்கச் சொல்வார்கள். சன்னிவேலில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

ஓக் வேறு சாதி. நேரான பகுதி சொன்ன பேச்சைக் கேட்கும். கவை பிரியும் இடமும் கணுவும்தான் முரண்டு. வைரம் பாய்ந்த கட்டையின் மையத்தில் ஆப்பை வைப்பது நம் ஊர்ப் புளியங்கட்டையில் முதல் வெட்டையே நடுவில் போடுவது போன்ற அவசரம். கோடாலிக்காரர் ஓரத்திலிருந்து சிலாம்பு சிலாம்பாகக் கழற்றிக்கொண்டு உள்ளே போவார். ஸ்ப்ளிட்டரிலும் அதுவே சரி: விளிம்பிலிருந்து நான்கைந்து அங்குலம் தள்ளி ஆப்பு இறங்கட்டும், கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து வெளிச்சுற்று முழுவதையும் உரித்துவிட்டால், மிஞ்சும் நடுப்பகுதி சாதாரண விறகு அளவுக்கு வந்துவிடும்.

அதற்கும் மசியாத கட்டைக்குச் செயின்சா இருக்கிறது. கட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நார் ஓடும் திசையிலேயே அறுத்தால் நீள நீளச் சுருளாக மரம் கழன்று வரும். செயின்சாவின் பக்க மூடியில் அந்தச் சுருள் அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். முழுதாக அறுக்கத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஆப்பு இறங்கும்படி வைத்தாலே போதும். அடுத்த மரத்தைத் துண்டு போடும்போது 16 அங்குலத்துக்குப் பதில் 12 அங்குலமாக அறுக்கச் சொல்லிவிடுங்கள். பின்னிய நாரின் நீளம் குறைந்தால் பிளக்கத் தேவையான விசையும் குறையும், எடையும் நான்கில் ஒரு பங்கு குறையும். மாற்றங்களிலேயே மலிவானது இது. மரம் வெட்டுகிறவரிடம் சொல்ல ஒரு வாக்கியம்தான் செலவு.

இயந்திரத்தில் கை வைத்தே ஆக வேண்டும் என்றால், ஆப்பிலிருந்து தொடங்குங்கள். கடையில் வரும் ஆப்புகள் பல, நுனியிலேயே அகலமாகத் தொடங்கி மரத்தை நசுக்குகின்றன. மெல்லிய கத்திமுனை போல் நுழைந்து, இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போன பிறகு அகலும் ஆப்பு முதலில் நாரை வெட்டும், பிறகு பிரிக்கும். முறுக்கு நாருக்கு அந்த வெட்டு முக்கியம். தேய்மானம் தாங்கும் கடினத் தகட்டில் செய்து, உயரத்தைக் கூட்டாமல் விட்டால் பீமுக்கும் வம்பில்லை. நான்காகப் பிளக்கும் சிறகு ஆப்பு இருந்தால், பெரிய கட்டைக்கு அதைக் கழற்றி வையுங்கள். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள், குறுக்குச் சிறகை முக்கிய ஆப்பின் முனையிலிருந்து ஆறங்குலம் பின்னால் தள்ளிப் பற்ற வைக்கலாம். கட்டை முதலில் இரண்டாகும், பிறகுதான் சிறகைச் சந்திக்கும். இரண்டு வேலைக்கான விசையும் ஒரே நொடியில் தேவைப்படாது.

அடுத்தது, முதுகு. பீமைச் செங்குத்தாக நிறுத்தக்கூடிய ஸ்ப்ளிட்டர் இருந்தால் 400 பவுண்டு கட்டையைத் தூக்கவே வேண்டாம், தரையோடு உருட்டி அடித்தட்டின் மேல் ஏற்றிவிடலாம். அடித்தட்டின் விளிம்பைச் சரிவாக அரைத்துவிட்டால் ஏற்றுவது இன்னும் எளிது. படுக்கைவாட்டு இயந்திரம்தான் இருக்கிறது என்றால், ஒரு சின்னக் கொக்கிக் கையும் 12 வோல்ட் வின்ச்சும் மரம் கவ்வும் இடுக்கியும் பொருத்திக்கொள்ளலாம். அந்தக் கை பக்கவாட்டில் சுமையோடு திரும்பும்போது ஸ்ப்ளிட்டரே கவிழப் பார்க்கும். வண்டியின் கொக்கியில் மாட்டியபடியோ, விரிகால் போட்டோதான் இயக்க வேண்டும். பக்கத்தில் கட்டையை ஏற்றும் மேடை போல ஹைட்ராலிக் கை வைப்பவர்களும் உண்டு. அதற்கு இரண்டாவது வால்வும் இன்னொரு சிலிண்டரும் வேண்டும் என்றாலும், டன் கூட்டச் செலவழிக்கும் பணத்தை இதில் போட்டவர் அறுபது வயதிலும் விறகு பிளந்துகொண்டிருப்பார்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. முன்னோக்கிப் போகும் லீவர் கையை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். தானாகத் திரும்பும் வசதி பின்வாங்கும் ஓட்டத்துக்கு மட்டும். கட்டையை ஒருவர் பிடிக்க மற்றவர் லீவரைத் தள்ளுவது கூடவே கூடாது, எவ்வளவு பழகிய மச்சானாக இருந்தாலும் சரி. ஹோஸில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தால் விரலால் தேடாதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். 3,000 பவுண்டு அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியது போல்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது; சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலே போகலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், இது ஹைட்ராலிக் எண்ணெய் ஏறிய காயம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிளந்த விறகை எரிக்கவும் இங்கே விதி இருக்கிறது. பே ஏரியா காற்றுத்தர மாவட்டம் 2008-இல் விறகுப் புகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019 முதல் அது ஆண்டு முழுதும் செல்லும். காற்று மோசமாகும் நாட்களில் எச்சரிக்கை அறிவித்தால் அன்று கணப்பு மூட்டக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஒரு வகுப்பு அல்லது 100 டாலர், அடுத்த முறை 500. வேறு வெப்ப வசதியே இல்லாத வீடு போன்ற சில விலக்குகள் உண்டு. 2016 நவம்பர் முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் விறகுக் கணப்பே கிடையாது. விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அது காய்ந்த விறகு. அதை அளக்கும் சிறு மீட்டரை வெளிப்புறத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு துண்டை அப்போதே பிளந்து, புது முகத்தில் குத்த வேண்டும். தடித்த ஓக் அந்த நிலைக்கு வர இரண்டு கோடைகூட ஆகும் என்பதால் பிளப்பதைத் தள்ளிப்போடாதிருக்க இது இன்னொரு காரணம்.

விழாத மரத்தின் மேல் கண் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 38 அங்குலமோ அதற்கு மேலோ சுற்றளவுள்ள மரம் சன்னிவேலில் பாதுகாக்கப்பட்ட மரம்; உங்கள் நிலத்தில் இருந்தாலும் நகராட்சி அனுமதி வேண்டும். ஓக் விறகை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்வதையும் தவிர்க்கலாம். 1990-களின் நடுவில் கலிபோர்னியக் கடற்கரையில் தலைகாட்டிய திடீர் ஓக் சாவு நோய் சான்டா கிளாரா மாவட்டத்திலும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட மரங்களோடும் மண்ணோடும் அது பயணம் செய்யும்.

ஒரு வேண்டுகோள் பாக்கி. இந்த இயந்திரங்கள் ஒரு வீட்டில் நிற்பதில்லை. சனிக்கிழமை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை அவருடைய மைத்துனர், அடுத்த வாரம் பள்ளி நண்பர் என்று கைமாறிக்கொண்டே இருக்கும். மாற்றி அமைத்தவர்கள், சிலிண்டரின் உள்விட்டம், ரிலீஃப் வால்வு எத்தனை பவுண்டில் திறக்கும், ஆப்பின் உயரம், வெல்டிங்கைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி ஆகிய நான்கையும் பீமின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதலாம், இரவல் வாங்குகிறவர் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரர்